தட்டில் வளராத கிருமியில் ப்ராஜெக்ட் எடுக்கப் போகிறவர்களுக்கு

மைக்ரோபயாலஜியோ பயோடெக்னாலஜியோ படித்துக்கொண்டு, தொழுநோய்க் கிருமியில், அதாவது மைக்கோபாக்டீரியம் லெப்ரேயில், ஏதாவது ப்ராஜெக்ட் பண்ணலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தலைப்பைப் பதிவு செய்வதற்கு முன்னால் படித்துவிடுங்கள், பதிவு செய்த பிறகு படித்தால் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்.

இந்தக் கிருமி தட்டில் வளராது. நார்வேயின் பெர்கன் நகரில் ஹான்சன் என்ற மருத்துவர் இதைக் கண்டது 1873-ல். காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் அறிவித்தது அதற்கு 9 வருடம் கழித்து, 1882-ல். அவர் அதை வளர்த்தும் காட்டிவிட்டார். லெப்ரேயை மட்டும் 150 வருடம் ஆகியும் எந்தச் செயற்கை ஊடகத்திலும் யாராலும் வளர்க்க முடியவில்லை. அகார், முட்டை மஞ்சள் கரு, சீரம், அது இது என்று போடாத பொருளில்லை. இதன் விளைவு என்னவென்றால், நீங்கள் படிப்பில் கற்றுக்கொண்ட பாதி வேலைகள் இங்கே செல்லாது. காலனி எண்ண முடியாது, எம்ஐசி (வளர்ச்சியை நிறுத்தப் போதுமான குறைந்தபட்ச மருந்தளவு) பார்க்க முடியாது, ஒரு மரபணுவை நீக்கிவிட்டு என்ன ஆகிறது என்று பார்க்க முடியாது. "எத்தனை கிருமி உயிரோடு இருக்கிறது" என்ற சாதாரணக் கேள்விக்கே சுற்றி வளைத்துத்தான் பதில் கிடைக்கும். ஆகவே ஒரு ப்ராஜெக்ட்டைத் திட்டமிடும்போதும் சரி, அடுத்தவர் கட்டுரையைப் படிக்கும்போதும் சரி, இந்தக் கிருமி எங்கிருந்து வந்தது, உயிரோடு இருந்ததா, அது எப்படித் தெரியும் என்று கேட்டுக்கொண்டே இருங்கள். இந்தத் துறையில் தடுக்கி விழுகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கேட்காமல் விழுகிறவர்கள்தான்.

முதலில் காலண்டரை எடுங்கள்

ஈ.கோலை 20 நிமிடத்தில் இரட்டிக்கும். லெப்ரேக்கு 12 முதல் 14 நாள் வேண்டும். எலியின் உள்ளங்காலில் 10,000 கிருமியை ஊசியில் ஏற்றினால் அது 10 லட்சத்தைத் தாண்ட ஏழு முறை இரட்டிக்க வேண்டும், அதற்கே சுமார் மூன்று மாதம். ஆரம்பத்தில் சும்மா கிடக்கும் காலத்தையும் சேர்த்தால் அறுவடைக்கு ஆறு முதல் எட்டு மாதம் ஆகிவிடும். எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்குக் கல்லூரி கொடுப்பது ஒரு செமஸ்டர். கணக்கு புரிந்திருக்கும். எம்எஸ்சி மாணவர் எலிப் பாதப் பரிசோதனையைத் தன் தலைப்பாக எடுக்கக் கூடாது, ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றில் உதவியாளராகச் சேரலாம். பிஎச்டி என்றால் முதல் வருடத்திலேயே ஊசி போட்டுவிட வேண்டும், இரண்டாவது வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் முடிவு எழுதுவதற்கு நேரம் இருக்காது.

எலி இல்லாமல் ஒரு செமஸ்டருக்குள் முடியக்கூடிய வேலைகளும் இருக்கின்றன: ஸ்மியர் வாசிப்பு (தோலிலிருந்து எடுத்த திசுச்சாற்றை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது), பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பெருக்கிப் பார்ப்பது), மருந்து எதிர்ப்புக்கான மரபணு வரிசை பார்த்தல், முழுக்க முழுக்கக் கணினியில் செய்யும் மரபணுத்தொகுப்பு வேலை. பின்னால் ஒவ்வொன்றாக வருகிறேன்.

கிருமி எங்கே கிடைக்கும்

மூன்றே இடம்: நோயாளியின் தோல், எலியின் பாதம், ஆர்மடில்லோ என்ற ஓடு போர்த்திய அமெரிக்க விலங்கு. எலிப் பாத முறையை அமெரிக்காவின் சார்லஸ் ஷெப்பர்ட் 1960-ல் காட்டினார், இந்தத் துறையே அதற்குப் பிறகுதான் உண்மையில் நகர ஆரம்பித்தது. தொழுநோய் மருந்தான டாப்சோனுக்கு எதிர்ப்பு உருவாகிவிட்டது என்பதை 1964-ல் மலேசியாவில் நிரூபித்ததும் இந்த முறையில்தான். உடம்பில் இவ்வளவு இடம் இருக்க ஏன் பாதம் என்றால், லெப்ரேக்குக் குளிர்ச்சி பிடிக்கும், 37 டிகிரி அதற்குச் சூடு. நோயாளியிடமும் காது மடல், மூக்கு, தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகள் என்று உடம்பின் குளிர்ந்த பகுதிகளையே அது அதிகம் பிடிக்கிறது. ஒன்பது பட்டை ஆர்மடில்லோவின் உடல் வெப்பமே 33 முதல் 35 டிகிரிதான் என்பதால் கிர்ச்ஹைமர், ஸ்டோர்ஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அதில் முயன்று 1971-ல் வெற்றியைச் சொன்னார்கள். அதன் கல்லீரலிலும் மண்ணீரலிலும் கிருமி கோடிக்கணக்கில் பெருகும். நம் ஊரில் ஆர்மடில்லோ கிடையாது, அதனால் அது உங்களுக்குப் படிப்பதற்கு மட்டும்.

இன்று உலகத்தில் பல லேப்கள் பயன்படுத்துவது தாய்-53 என்ற வகை. அமெரிக்காவின் லூசியானாவில் பேட்டன் ரூஜில் இருக்கும் தேசிய ஹான்சன் நோய்த் திட்டத்தின் லேப் அதை நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த, ரோமம் இல்லாத நூட் எலிகளின் பாதத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வருகிறது. இந்தியாவில் என்றால் ஆக்ராவில் ஜால்மா நிறுவனம், டெல்லியில் ஸ்டான்லி பிரவுன் லேப், நம் பக்கம் வேலூருக்கு அருகே கரிகிரி, செங்கல்பட்டில் மத்திய தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையம் என்று இடங்கள் இருக்கின்றன. உங்கள் கல்லூரியிலேயே எல்லாவற்றையும் ஆரம்பிக்கலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள், இந்த மாதிரி ஒரு இடத்தோடு சேர்ந்தால்தான் காரியம் ஆகும்.

உயிருள்ள கிருமி கைக்கு வந்தால் செய்யக் கூடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஃப்ரீசரில் வைக்காதீர்கள். மற்ற பாக்டீரியாவுக்கு கிளிசரால் போட்டு மைனஸ் 80-ல் வைத்துப் பழகிய கை தானாக அங்கேதான் போகும். லெப்ரேயை உறைய வைத்து எடுத்தால் பெரும் பகுதி செத்துவிடும். 4 டிகிரி ஃப்ரிட்ஜில் சில நாள் தாங்கும், ஆனால் எடுத்தது புதிதாக இருக்கும்போதே பயன்படுத்துவதுதான் நல்லது. செல்களோடு சேர்த்து வளர்க்கும் பரிசோதனை என்றால் இன்குபேட்டரை 37-ல் விடாமல் 33-க்கு மாற்றுங்கள். மேக்ரோஃபேஜை (கிருமியை விழுங்கும் நோய் எதிர்ப்புச் செல்லை) வைத்து வேலை செய்கிறவர்கள் 37-ல் வைத்துவிட்டு, மருந்து கொன்றதா சூடு கொன்றதா என்று தெரியாமல் முடிவு எழுதும் கதை உண்டு.

பயம் பற்றி வீட்டில் கேட்பார்கள், கேட்டே தீருவார்கள். பெரும்பாலான மனிதர்களுக்கு இந்தக் கிருமிக்கு இயற்கையிலேயே எதிர்ப்பு இருக்கிறது. ஹான்சனின் மாமனார் டானியெல்சன் நோயாளிகளின் கட்டியிலிருந்து எடுத்ததைத் தன் உடம்பிலேயே ஏற்றிப் பார்த்தார், நோய் வரவில்லை (இதைப் பார்த்து யாரும் செய்ய வேண்டாம்). லேபில் இதை இரண்டாம் நிலை உயிர்ப் பாதுகாப்பில்தான் கையாளுகிறார்கள். கையுறை, கேபினட், ஊசி குத்திக்கொள்ளாத கவனம் போதும்.

நோயாளியிடம் போவதற்கு முன்

எத்திக்ஸ் கமிட்டிக்கு விண்ணப்பிப்பதை முதல் வேலையாகச் செய்யுங்கள், மற்ற எல்லாம் அந்தக் கடிதத்துக்காகக் காத்திருக்கும். விலங்கு என்றால் அதற்குத் தனிக் கமிட்டி. இந்த நோயில் இது வெறும் காகித வேலை இல்லை. ஹான்சனே 1879-ல் ஒரு பெண் நோயாளியின் கண்ணில், அவரிடம் கேட்காமல், நோய்ப் பொருளை ஏற்றிவிட்டு, 1880-ல் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டு மருத்துவமனைப் பதவியை இழந்தார். கிருமியைக் கண்டுபிடித்தவர் என்ற பெயர் அவரைக் காப்பாற்றவில்லை.

ஒப்புதல் படிவத்தை நோயாளிக்குப் புரியும் தமிழில் எழுதுங்கள், கூகுள் மொழிபெயர்ப்பில் போட்டு எடுக்காதீர்கள். பயாப்ஸி எடுத்தால் சின்னத் தழும்பு விழும் என்பதைச் சொல்லுங்கள், முகத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். வீட்டுக்குத் தொலைபேசியில் அழைக்கலாமா, யார் எடுத்தால் என்ன சொல்வது என்று முன்கூட்டியே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் வீட்டில் சொல்லாமல் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தொழுநோயை விவாகரத்துக்கான காரணங்களிலிருந்து நம் நாட்டுச் சட்டம் நீக்கியதே 2019-ல்தான் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். கிராமத்தின் பெயர், வயது, தொழில் மூன்றையும் ஒரே அட்டவணையில் போட்டால் பெயர் போடாமலே ஆள் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும். இது வைவாவில் யாரும் கேட்கமாட்டார்கள், நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்மியர்: பழைய வேலை, இன்றும் இதுதான் அடிப்படை

பயிற்சி பெற்ற டெக்னீஷியனிடம் நேரில் கற்க வேண்டிய வேலை இது, எழுதிக் காட்டி வராது. ஆனாலும் போகும்போது என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்கட்டும். காது மடல், தேமல் அல்லது தடிப்பின் விளிம்பு போன்ற இடங்களைத் தேர்ந்தெடுத்து ஸ்பிரிட்டால் துடைத்து, தோலை இரண்டு விரலால் இறுக்கிப் பிடிக்கிறார்கள். அந்த இடம் வெளுத்துப்போகும் அளவுக்கு இறுக்க வேண்டும், பிடி தளர்ந்தால் ரத்தம் வரும், ரத்தம் வந்தால் ஸ்மியர் போச்சு. 15-ம் எண் பிளேடால் சுமார் 5 மில்லிமீட்டர் நீளம், 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம் கீறி, பிளேடை 90 டிகிரி திருப்பி வெட்டின் உட்சுவரைச் சுரண்டி, வருகிற திசுச்சாற்றை ஸ்லைடில் சின்ன வட்டமாகத் தடவிக் காயவைத்து, சுடரில் காட்டி நிலைப்படுத்த வேண்டும்.

சாயம் ஏற்றுவதில் காசநோய் லேபிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே சளி ஸ்மியருக்கு 25 சதவீத சல்ஃபியூரிக் அமிலத்தில் நிறம் நீக்குவார்கள். லெப்ரே அவ்வளவு அமிலம் தாங்காது, 1 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த ஆல்கஹால் போதும். பழக்க தோஷத்தில் பழைய பாட்டிலை எடுத்தால் கிருமி இருந்தும் ஸ்லைடு நெகட்டிவ் ஆகிவிடும். பாரஃபின் திசுவெட்டு என்றால் சாதாரண சீல்-நீல்சன் சாயமுறை வேண்டாம், ஃபைட்-ஃபராகோ முறைக்குப் போங்கள், பாரஃபினை நீக்கும்போது எண்ணெய் சேர்ப்பதால் கிருமியின் மெழுகுச் சுவர் பிழைக்கிறது.

எண்ணுவதற்கு ரிட்லி அளவுகோல். ஆயில் இம்மர்ஷன் லென்ஸில் 100 புலங்களில் (ஒரு புலம் என்பது ஒரே பார்வையில் தெரியும் வட்டம்) மொத்தம் 1 முதல் 10 கிருமி என்றால் 1+, 10 புலங்களில் 1 முதல் 10 என்றால் 2+, ஒரு புலத்துக்கே 1 முதல் 10 என்றால் 3+, அப்புறம் ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு, கடைசியில் ஒரு புலத்தில் 1000-க்கு மேல் கொத்துக் கொத்தாகக் கிடந்தால் 6+. இதைத்தான் பிஐ, அதாவது பாக்டீரியல் இன்டெக்ஸ், என்று சொல்கிறோம்.

இங்கேதான் முதலில் சொன்ன கேள்வி வருகிறது. பிஐ செத்த கிருமியையும் சேர்த்தே எண்ணுகிறது. ரிஃபாம்பிசின் என்ற மருந்து முதல் தவணையிலேயே கிருமிகளில் 99 சதவீதத்துக்கு மேல் சில நாளில் கொன்றுவிடும், ஆனால் செத்த உடல்களை நம் உடம்பு அப்புறப்படுத்துவது படு மெதுவாக நடக்கிறது, பிஐ வருடத்துக்கு ஒரு படிகூட முழுதாக இறங்காமல் இருக்கலாம். 12 மாத மருந்தை ஒழுங்காக முடித்தவரின் ஸ்லைடிலும் 4+ இருக்கலாம், அவர் குணமானவர்தான். "சிகிச்சைக்குப் பிறகும் பிஐ பாசிட்டிவ், ஆகவே மருந்து வேலை செய்யவில்லை" என்று எழுதிய தீசிஸை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் எழுதாதீர்கள்.

உயிரோடு இருக்கிறதா?

பழைய வழி எம்ஐ, அதாவது மார்ஃபலாஜிக்கல் இன்டெக்ஸ். முழுசாக, சீராகச் சிவந்து தெரியும் கிருமி உயிருள்ளது, துண்டுதுண்டாகவும் மணிமணியாகவும் தெரிவது செத்தது என்று வைத்து முழுசானவற்றின் சதவீதத்தைச் சொல்வது. யோசனை நல்லது, ஆனால் ஒரே ஸ்லைடை இருவர் பார்த்தால் இரண்டு எண் வரும். நான் இதை ஒருநாளும் தனி ஆதாரமாக ஏற்க மாட்டேன். எலிப் பாதம்தான் கடைசித் தீர்ப்பு, ஆனால் மாதக்கணக்கு. கதிரியக்கக் கார்பன் கொண்ட பால்மிடிக் அமிலத்தைக் கொடுத்து, கிருமி அதை எரித்து வெளியிடும் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் முறை அழகானது. ஒரே வாரத்தில் பதில் வரும், ஆனால் நிறைய கிருமியும் கதிரியக்க அனுமதியும் வேண்டும், கல்லூரி லேபுக்கு ஆகாது.

மாணவர்களுக்கு நடைமுறையில் கையில் எட்டுவது ஆர்என்ஏ வழி. டிஎன்ஏ கிருமி செத்த பிறகும் நெடுநாள் கிடக்கும், ஆர்என்ஏ சீக்கிரம் அழியும், அதனால் ஆர்என்ஏ கிடைத்தால் உயிர் இருந்தது என்று துணிந்து சொல்லலாம். 16எஸ் ஆர்என்ஏவையும், எச்எஸ்பி18, ஈஎஸ்எக்ஸ்ஏ என்ற மரபணுக்களின் ஆர்என்ஏவையும் இதற்குப் பார்க்கிறார்கள். கிருமியின் எண்ணிக்கையை ஆர்லெப் என்ற திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ துண்டால் கணக்கிட்டு, ஒவ்வொரு மாதிரியிலும் அதே அளவு கிருமிக்குச் சமமான ஆர்என்ஏவை எடுத்து ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் கிருமி அதிகம் இருந்ததா, உயிர் அதிகம் இருந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆர்லெப் ஒரே கிருமிக்குள் 37 பிரதி வரை இருப்பதால் மிகக் குறைந்த கிருமியையும் பிசிஆர் பிடித்துவிடும். இந்த நுட்பம்தான் வம்பும் கொண்டுவருகிறது. நோயாளியோடு வாழ்கிறவரின் மூக்குத் துடைப்பில் ஆர்லெப் பாசிட்டிவ் என்றால் அவருக்கு நோய் என்று அர்த்தமில்லை, கிருமி அங்கே வந்துபோயிருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம்.

பயாப்ஸி எடுக்கும் மருத்துவரிடம் முந்தின நாளே சொல்லி வையுங்கள்: ஃபார்மலினில் போட வேண்டாம், 70 சதவீத எத்தனாலில் போடுங்கள் என்று. ஃபார்மலினில் விழுந்துவிட்டால் ஆர்என்ஏ கதை முடிந்தது. பழக்கத்தில் ஃபார்மலின் பாட்டில்தான் மேஜையில் தயாராக இருக்கும், ஆகவே உங்கள் குழாயைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போய் நில்லுங்கள்.

கணினியில் மட்டும் செய்கிறவர்களுக்கு

லெப்ரேயின் முழு மரபணுத்தொகுப்பு 2001-ல் வெளியானது, ஸ்டீவர்ட் கோல் தலைமையிலான குழு. அந்தக் கிருமியின் வகைப் பெயர் டிஎன். தமிழ்நாடுதான். இங்கே ஒரு நோயாளியிடமிருந்து எடுத்து, ஆர்மடில்லோவில் பெருக்கி, டிஎன்ஏ எடுத்தார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க லெப்ரே வரிசைகளை ஒப்பிடுவது இதோடுதான். என்சிபிஐ என்ற அமெரிக்க மரபணுத் தகவல் தளத்தில் ஏஎல்450380 என்ற எண்ணில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

நீளம் 32,68,203 எழுத்துகள். காசநோய்க் கிருமிக்கு 44 லட்சம் எழுத்தும் சுமார் 4,000 மரபணுவும் இருக்க, இதில் புரதம் செய்யும் மரபணு 1,604 மட்டும். செத்துப்போன, உடைந்த மரபணுக்கள் 1,116. மரபணுத்தொகுப்பில் பாதிக்கு மேல் வேலை செய்யாத சரக்கு. செல்லுக்குள்ளேயே காலம் காலமாக உட்கார்ந்து சாப்பிட்டதால் தேவையில்லாததெல்லாம் உடைந்துபோக, தனியாக வாழும் திறனையே இழந்துவிட்டது. தட்டில் வளராததற்கு ஆணிவேர் இங்கேதான் என்று நம்புகிறார்கள்.

இந்த இழப்புகளைத் தேடிப் பிடிப்பது மாணவருக்கு நல்ல வேலை, அதில் மருந்துக்கு வழி இருக்கிறது. ஓர் உதாரணம்: காசநோய்க் கிருமி மூச்சுவிட, அதாவது ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஆற்றல் எடுக்க, இரண்டு பாதை வைத்திருக்கிறது. ஒன்றை அடைத்தால் சைட்டோகுரோம் பிடி என்ற மற்றதில் சமாளிக்கும். லெப்ரேயில் அந்த இரண்டாவது பாதையின் மரபணுக்கள் உடைந்து கிடக்கின்றன. அதனால் முதல் பாதையை அடைக்கும் டெலாசெபெக் என்ற மருந்து எலிகளில் லெப்ரே மீது மிகக் குறைந்த அளவிலேயே கடுமையாக வேலை செய்கிறது. இப்படி இன்னும் எத்தனை ஒற்றைப் பாதைகள் இருக்கின்றன என்று உட்கார்ந்து பார்க்கலாம், செலவு மின்சாரம் மட்டும்.

ஒரு எச்சரிக்கை. காசநோய்க் கிருமியில் ஒரு மரபணு இன்ன வேலை செய்கிறது, லெப்ரேயிலும் அதே பெயரில் இருக்கிறது, ஆகவே இதிலும் அதே வேலை என்று தாவாதீர்கள். முதலில் அது உடையாத மரபணுவா என்று பாருங்கள். ஆர்என்ஏ கிடைப்பதும் போதாது, லெப்ரேயில் உடைந்த மரபணுக்களில் சிலவும் ஆர்என்ஏ வரை போகின்றன, புரதம்தான் வராது.

கட்டுரை படிக்கும்போது

"லெப்ரேயை வளர்த்துவிட்டோம்" என்ற அறிவிப்பு ஹான்சன் காலத்திலிருந்து அவ்வப்போது வந்துகொண்டே இருக்கிறது. வளர்ந்தது சுற்றுப்புறத்திலிருந்து ஒட்டிக்கொண்ட வேறு மைக்கோபாக்டீரியா என்று பிறகு தெரியவரும். அப்படி ஒன்றைப் பார்த்தால் எலிப் பாதத்தில் அதன் வளர்ச்சி பொருந்துகிறதா, மரபணு வரிசை டிஎன் வகையோடு பொருந்துகிறதா என்று தேடுங்கள், இரண்டும் இல்லாவிட்டால் மூடி வைத்துவிடலாம். லெப்ரேமூரியம் என்று ஒன்று உண்டு, எலிக்கு வரும் வேறு நோயின் கிருமி, அது முட்டை ஊடகத்தில் வளரும், பெயர் ஒற்றுமையில் ஏமாற வேண்டாம். லெப்ரோமடோசிஸ் என்பது உண்மையான உறவுக்காரர், 2008-ல் மெக்சிகோ நோயாளிகளிடமிருந்து தனி இனமாக அடையாளம் கண்டது, மனிதருக்குத் தொழுநோய் கொடுக்கும். பிரிட்டன் தீவுகளின் சிவப்பு அணில்களிலும் அது இருப்பதாக 2016-ல் காட்டினார்கள். உங்கள் பிசிஆர் ஆர்லெப்பை மட்டும் பார்த்தால் இது சிக்காது.

ரத்தத்தில் பிஜிஎல்-1 என்ற கிருமியின் கொழுப்புக்கு எதிரான ஆன்டிபாடியை வைத்து நோயைக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்லும் கட்டுரைகளில், எந்த வகை நோயாளிகளைச் சேர்த்தார்கள் என்று முதலில் பாருங்கள். கிருமி நிறைய உள்ளவர்களில் நன்றாகத் தெரியும், தேமல் ஒன்றிரண்டு மட்டும் உள்ளவர்களில் பெரும்பாலும் தெரியாது. நமக்குச் சோதனை தேவைப்படுவது இரண்டாவது வகைக்குத்தான்.

மருந்து எதிர்ப்பு ப்ராஜெக்ட்டுக்குச் சில குறிப்புகள்

ஒரு செமஸ்டரில் உருப்படியாக முடிக்க நான் முதலில் சிபாரிசு செய்வது இதுதான். ரிஃபாம்பிசினுக்கு ஆர்பிஓபி, டாப்சோனுக்கு எஃப்ஓஎல்பி1, ஆஃப்லாக்சசின் வகைக்கு ஜிஒய்ஆர்ஏ, இந்த மூன்று மரபணுக்களில் குறிப்பிட்ட சிறு பகுதியைப் பிசிஆரில் பெருக்கி வரிசை பார்த்தால் போதும். நோய் திரும்பி வந்தவர்களின் மாதிரி கிடைத்தால் மதிப்பு அதிகம். பிஐ 2+ அல்லது மேலே உள்ள மாதிரிகளையே எடுங்கள், கீழே போனால் பிசிஆர் பாதியில் நின்றுவிடும், பணமும் போகும். வரிசை இருபுறமும் பார்த்து உறுதி செய்யுங்கள். புதிதாக ஒரு மாற்றம் தெரிந்தால் உடனே எதிர்ப்பு என்று அறிவிக்காதீர்கள். எலிப் பாதத்தில் நிரூபித்த மாற்றங்களின் பட்டியலில் அது இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் "பொருள் இன்னும் தெளிவாகாத மாற்றம்" என்று எழுதுவதே நேர்மை.

எண் குழப்பத்துக்குத் தயாராக இருங்கள். ஆர்பிஓபியில் செரின் என்ற அமினோ அமிலம் லியூசினாக மாறும் பிரபலமான மாற்றம் ஒன்றுதான், ஆனால் அதன் இட எண் ஈ.கோலை கணக்கில் 531, காசநோய்க் கிருமி கணக்கில் 450, லெப்ரேயின் பழைய கட்டுரைகளில் 425, இப்போதைய கணக்கில் 456. நான்கு கட்டுரையைப் படித்து நான்கு வெவ்வேறு மாற்றம் என்று அட்டவணை போட்டுவிடாதீர்கள். டிஎன் வகையின் வரிசையோடு நீங்களே ஒருமுறை பொருத்திப் பார்த்து எல்லாவற்றையும் 456 கணக்குக்கு மாற்றிக்கொண்டு, எந்தக் கணக்கு என்பதை அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.